பொற்குடம் நூற்றெட்டு

அந்தி மயங்கும் வேளையில் பாலாற்றின் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குச் செக்கர் வானத்தில் செதுக்கி வைத்தது போலத் தோன்றும் வல்லூற்றுக் குன்றத்துக் கோட்டையை அந்நாளையப் புலவர்கள் மேருமலைக்கு ஒப்பிட்டுப் பாடினார்கள். மேருவைக் கண்டவர் எவரும் அவையில் இல்லாததால் அந்த உவமைக்கு மறுப்பும் எழவில்லை. உள்ளபடி சொன்னால் அது முந்நூறு படிகளும், அறுபது வீரர்களும், உச்சியில் ஒரு கொற்றவை கோயிலும், கோயிலின் காலடியில் பாறையைக் குடைந்த ஒரு சுனையும் கொண்ட சிறு கோட்டை. சித்திரைப் பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் மாலை, தென்கரை அரசரின் சேனை அக்குன்றைச் சுற்றி வளைத்துப் பதினோராம் நாள், கோட்டைத் தலைவன் கண்டன் மழவராயன் அந்தச் சுனையின் விளிம்பில் தனியாக நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே, கோடையிலும் வற்றாத ஆற்றின் ஒற்றை ஓடை வெண்மணலுக்கு நடுவே வெள்ளிச் சரிகை போல் நெளிந்து ஓடியது. அதன் அக்கரையில் பகைவரின் சமையல் நெருப்புகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. மழவராயன் அவற்றைப் பார்க்கவில்லை. சுனைக்கு இருபத்துநான்கு படிகள். அவற்றில் இருபத்திரண்டு உலர்ந்து கிடந்தன. மிச்சமிருந்த இரண்டு படி நீரில் அவனுடைய முகம் தெரிந்தது. அன்று அவனுக்குக் காணப் பிடிக்காத முகம் அது ஒன்றுதான்.

ஏனென்றால், அன்பார்ந்த வாசகர்களே, இன்னும் சற்று நேரத்தில் அவனுக்கு ‘சுனை காத்த பெருமான்’ என்ற பட்டம் சூட்டப்பட இருந்தது.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறோம். கோட்டையில் பதவி வகிப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்களில் ஆற்றிலிருந்து நூற்றெட்டுக் குடம் நீர் சுமந்து வந்து கொற்றவைக்கு முழுக்காட்ட வேண்டும் என்பது குன்றத்தின் பழைய முறை. அம்மனை நனைத்த நீர் கோமுகை வழியாக வழிந்து சுனைக்குள் இறங்கும். ஏன் இந்த முறை என்று முன்னோர்கள் எழுதி வைக்கவில்லை. காரணத்தைச் சொன்னால் பிள்ளைகள் வாதாடுவார்கள், நேர்த்திக்கடன் என்றால் வாதாட மாட்டார்கள் என்று எண்ணியிருப்பார்கள். பாவம், கண்டன் மழவராயனை அவர்கள் அறிந்தவர்கள் அல்லர்.

மழவராயன் விதி தவறாதவன். காலையில் கோயிலை மூன்று முறை வலம் வருவான். அவன் நான்காம் முறை வந்ததைக் கொற்றவையும் கண்டதில்லை. காவல் மாறும் முரசு ஒலித்தால் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விடுவான். அத்தகையவன் நூற்றெட்டு என்ற எண்ணை ஆராய்ந்தபோது, குடத்தின் அளவைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லை என்று கண்டுகொண்டதில் வியப்பென்ன? எலுமிச்சம்பழ அளவில் நூற்றெட்டுப் பொற்குடங்கள் செய்யச் சொன்னான். அவை பட்டு விரித்த பல்லக்கில், மேளதாளத்தோடு, ஒரே மாலையில் ஏறி வந்தன. அத்தனையையும் ஒரு மண்குடத்தில் ஊற்றியிருந்தால் குடம் பாதிகூட நிறைந்திராது.

“தலைவரே, குடம் சிறிதாக இருக்கிறதே?” என்று அன்று கேட்டவர் ஒருவர்தான். அவர் சுனையைக் காவல் காத்து வந்தவர்.

“அகத்திய முனிவரின் கமண்டலம் பெரிதோ, ஐயா? காவிரியே அதற்குள் அடங்கிக் கிடக்கவில்லையா?” என்றான் மழவராயன்.

குன்றமே சிரித்தது. மறுமாதம், நிறைந்த சுனைக்குக் காவல் எதற்கு என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதிகாரிகள் அத்தனை பேரும் சின்னக் குடத்துக்கு மாறினார்கள். பொன் இல்லாதவர்கள் பித்தளையில் செய்துகொண்டார்கள். கோட்டையில் பக்தி ஏறியது; சுனை இறங்கியது.

இந்த ஆண்டு மாசியில்தான் அந்தப் பெண் வந்தாள். தொலைவிலிருந்து வேண்டுதலுக்காக வந்ததாகச் சொன்னாள். கருத்துப் பருத்த மண்குடம் ஒன்றை இடுப்பில் ஏந்தி, விடியலில் இரண்டு முறையும் அந்தியில் இரண்டு முறையும் முந்நூறு படிகளையும் ஏறினாள். பங்குனிப் பௌர்ணமியன்று, நிலவு ஆற்றின்மேல் பாலைக் கவிழ்த்த மாலையில், மழவராயன் அவளைப் படிக்கட்டில் எதிர்கொண்டான்.

“பெண்ணே, இது எத்தனையாவது குடம்?”

“எண்ணவில்லை, ஐயா.”

“நூற்றெட்டுதான் முறை. எண்ணாமல் விட்டால் கூடிப்போய்விடுமே?”

“கூடினால் அம்மன் கோபித்துக்கொள்வாளா?” என்று கேட்டுவிட்டு, நில்லாமல் ஏறிப் போனாள்.

அன்றிலிருந்து படிகளின் பழுதைப் பார்வையிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மழவராயன் நாள்தோறும் அந்தியில் அங்கே வந்து நின்றான். முந்நூறு படிகளுக்கும் அத்தனை மேற்பார்வை அதற்கு முன் கிடைத்ததில்லை. அவள் நெற்றி வியர்வையில் நிலவொளி பட்டதைப் பற்றி மனத்துக்குள் நான்கு வெண்பா கட்டினான். ஆனால் ஒருநாளும் அந்தக் குடத்துக்குக் கை நீட்டவில்லை. முற்றுகை வந்து கோட்டை வாயில்கள் அடைபட்டபோது அவளும் உள்ளே அகப்பட்டுக்கொண்டாள்.

இப்போது, சுனையின் விளிம்பில், விதி தவறாதவன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். பொற்குடங்களில் வந்த நீர் அடிச்சேற்றை நனைக்கவும் போதாது. அப்படியானால் பதினொரு நாளாக அறுபது பேரும் குடித்தது யார் சுமந்த நீர்?

காவலன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். “தலைவரே, அரசர் அழைக்கிறார். புலவர் பாட்டைத் தொடங்கிவிட்டார். உங்களுடைய முதல் ஏழு பட்டங்கள் முடிந்தாயிற்று.”

சபாமண்டபத்தில் தீபங்கள் ஏற்றப்பட்டிருந்தன. குன்றத்தின் அரசர் வேட்டரையர், முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல் சிம்மாசனத்தில் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். சுனையைக் கடல் என்றும், மழவராயனை அக்கடலைக் கொணர்ந்த பகீரதன் என்றும் பாடி முடித்த புலவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“மழவராயரே, இந்தக் கோடையிலும் நாம் பதினொரு நாள் தாகமின்றி இருக்கிறோம் என்றால் அது உமது நேர்த்திக்கடனின் பலன்,” என்றார் அரசர். “சுனை காத்த பெருமான் என்று இனி உம்மை உலகம் அழைக்கட்டும்.”

மாலை கழுத்தில் விழுந்தது. மழவராயன் தலை வணங்கினான். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கழுத்திலிருந்த மல்லிகை ஈரத்துணி போல் கனத்தது.

அப்போதுதான் காவலர் இருவர் அந்தப் பெண்ணை இழுத்து வந்தார்கள். கிழக்கு மதிலிலிருந்து, கல்லில் கட்டிய ஓலை ஒன்றை நூலில் கீழே இறக்கிக்கொண்டிருந்தாளாம். அரசர் ஓலையை விளக்கருகே பிடித்து உரக்கப் படித்தார்: “‘சுனையில் இரண்டு படி நீர். இரண்டு நாள். அதுவரை பொறுத்திருக்க.’” ஓலையைத் தாழ்த்தினார். “இரண்டு நாளா? சற்று முன்பு கடல் என்றீரே, புலவரே?”

“அது உவமை, அரசே,” என்றார் புலவர்.

“நீ தென்கரை அரசனின் ஒற்றா, பெண்ணே?”

“ஆம்,” என்றாள் அவள்.

“ஒற்றுக்குத் தண்டனை தெரியுமல்லவா?”

“தெரிந்துதான் வந்தேன்.”

வேட்டரையர் கையசைத்தார். அந்தக் கையசைவுக்கு ஒரே பொருள். காவலர்கள் அவளை வாளோடு நின்றவன் பக்கம் திருப்பினார்கள். அவள் மழவராயனைப் பார்க்கவில்லை, மன்றாடவும் இல்லை.

வாசகர்களே, அந்த அவையின் விதியை இங்கே நினைவூட்ட வேண்டும். அரசர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். கேட்காத செய்தியைச் சொல்ல எவருக்கும் கடமை இல்லை. மழவராயனை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் அவனைத் தாங்கிய விதி அன்றும் அவனைத் தாங்கத் தயாராக இருந்தது. அவன் சும்மா நின்றால் போதும். பட்டமும் மாலையும் நிலைக்கும். சுனைக்கு நீர் சுமந்தது யார் என்று அறிந்த ஒருத்தியும் இல்லாமல் போவாள்.

“அரசே,” என்றான் மழவராயன். குரல் தனக்கே அந்நியமாக ஒலித்தது. “யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சுனையில் இருக்கும் நீர் என்னுடையது அன்று.”

“அடக்கம் போதும், மழவராயரே.”

“அடக்கம் இல்லை, அரசே, வெட்கம்.” மாலையைக் கழற்றினான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டான். “என்னுடைய குடங்களைத் தாங்கள் பார்த்ததில்லை. ஒன்றைத் தங்கள் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்து மூடலாம். நாம் இந்தப் பதினொரு நாளும் குடித்தது இந்தப் பெண் இடுப்பில் சுமந்த நீர். இருநூறு குடமாவது இருக்கும். நான் தினமும் நின்று வேடிக்கை பார்த்தேன்.”

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கினார்கள்.

“உம்முடையது இல்லை என்றால் மற்ற அதிகாரிகள் ஊற்றிய நீர் எங்கே?” என்று அரசர் அவையை நோக்கினார். சேனைமுதலி ஒரு தூணின் வேலைப்பாட்டை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல் பார்த்தார். கருவூல அதிகாரிக்கு இருமல் வந்தது. புலவர் ஓலைகளை அடுக்கலானார். அரசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, தம்முடைய குடமும் நினைவுக்கு வந்தது போலும், அவரும் தரையைப் பார்த்தார்.

தலை நிமிர்ந்து அவளிடம் திரும்பினார். “வேடத்துக்கு நூற்றெட்டுக் குடம் போதுமே, பெண்ணே. மேற்கொண்டு ஏன் சுமந்தாய்?”

“அது என் காரியம், அரசே.”

“நீர் தந்தவளைக் கொன்றுவிட்டு அந்த நீரையே நாளை குடிக்க என் தொண்டை இடம் தராது,” என்றார் வேட்டரையர். “நிலவு எழும் முன் கயிற்றில் இறக்கி விடுங்கள்.”

“போய்ச் சொல்லிவிடுவாளே, அரசே!” என்றார் சேனைமுதலி.

“இரண்டு நாள் என்று சொல்வாள். உண்மையைத்தானே சொல்வாள்? இந்த அவையில் அதுவே புதுமை.”

மழவராயன் மாலையைத் தரையில் வைத்துவிட்டு வாளை உருவி அதன்மேல் கை வைத்தான். “கொற்றவை மேல் ஆணை. கிழக்கு மதிலிலிருந்து ஆற்றுக்குக் கயிற்றில் இறங்கி, சுனை நிறையும்வரை நான் நீர் சுமப்பேன். முழுக் குடம்.”

“எத்தனை குடம்?” என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார் கருவூல அதிகாரி.

கிழக்கு மதிலில் இருள் அடர்ந்திருந்தது. கீழே ஆற்றின் ஓசை மட்டும் கேட்டது. மழவராயன் தானே அவள் இடுப்பில் கயிற்றைச் சுற்றினான். குடம் இருந்து இருந்து அங்கே சேலை நைந்து போயிருந்தது.

“உன் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லை,” என்றான்.

“கேட்க வேண்டும் என்று விதி இல்லையே, தலைவரே.”

“இப்போது கேட்கிறேன்.”

“எயினி. இந்தச் சுனையைக் காத்த காடனாரின் மகள்.”

மழவராயனின் கை முடிச்சில் நின்றது. கமண்டலம் என்று தான் சொன்னதும் எல்லோரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. காடனாரும் அன்று சிரித்தார். தலைவரின் வேடிக்கைக்குச் சிரிக்காமல் நிற்பது மரியாதை இல்லை என்று, உதட்டை மட்டும் விரித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மழவராயன் அன்று தன் வெற்றியாக எடுத்துக்கொண்டிருந்தான்.

“இந்தக் குன்றம் நா வறண்டு விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் தென்கரையாரிடம் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்,” என்றாள் எயினி. “முதல் குடத்தை ஊற்றிவிட்டுச் சுனையை எட்டிப் பார்த்தேன். அப்பா இறங்கி இறங்கித் தூர் எடுத்த படிகள் வெடித்துக் கிடந்தன. அதற்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. அவ்வளவுதான்.”

“அவர் இப்போது...”

“சென்ற ஐப்பசியில் போய்விட்டார்.”

“என்னைச் சபித்தாரா?”

“இல்லை. யார் கேட்டாலும், ‘தலைவர் நல்லவர்தான், அவருக்கு இன்னும் தாகம் எடுத்ததில்லை’ என்பார்.”

சபித்திருந்தால் தாங்கியிருப்பான். மழவராயன் முடிச்சை இறுக்கினான். பின்பு கேட்டான்: “உன் அரசரிடம் என்ன சொல்லப் போகிறாய்?”

“எழுதியதைத்தான். இரண்டு நாள் என்று. மூன்றாம் நாளும் கோட்டை விழாவிட்டால் என்னைப் பொய் சொன்னவள் என்பார்கள்.” மதில் மேல் ஏறி, கயிற்றை இறுகப் பற்றிக்கொண்டாள். “பரவாயில்லை. என்னைப் பொய்யாக்கிவிடுங்கள், தலைவரே.”

அவள் இறங்கினாள். கயிறு அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. நெடுநேரம் கழித்துக் கீழிருந்து ஓர் இழுப்பு வந்தது. பிறகு கயிறு தொய்ந்தது.

“சுருட்டிவிடவா, தலைவரே?” என்றான் காவலன்.

“வேண்டாம். அவளுடைய மண்குடத்தை எடுத்து வந்து என் முதுகில் கட்டு.”

காவலன் கிழக்கு வானத்தைப் பார்த்தான். “நிலவு எழ ஒரு நாழிகைதான் இருக்கிறது. எழுந்துவிட்டால் வில்லாளிகளுக்குப் பகல் மாதிரி. ஒரு நடை போய் வந்தாலே பெரிது.”

“இரண்டு நடை,” என்று சொல்லிவிட்டு மழவராயன் இருளுக்குள் இறங்கினான்.