மூக்கில் வயர் தொங்கிய கார்

எஞ்சின் இல்லாத காரின் மூக்கிலிருந்து, எஞ்சினைச் சூடாக்கும் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

எல்ராய் ஸ்காரின் தானியக் கொட்டகையில், மக்கிய வைக்கோலும் எலிப் புழுக்கையும் கலந்த வாடைக்கு நடுவே, ஐம்பத்தெட்டாம் வருடத்து இரண்டு கதவு வண்டி ஒன்று, பல் வைத்தியரிடம் வந்தவனைப் போல பானெட்டைப் பிளந்துகொண்டு நின்றது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. கியர் பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் தரை தெரிந்தது. செல்மர் ஒப்தால் குனிந்து பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்குக் குனிந்து பார்க்க ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

"எஞ்சின் எங்க போச்சு, எல்ராய்?"

"கழட்டிட்டேன்."

"ஓடலையா?"

"ஓடாம என்ன? நிக்க மாட்டேன்னுச்சு. அதான் கழட்டினேன்."

"கழட்டினப்புறம் நின்னுச்சா?"

எல்ராய் கொட்டகைக் கதவைப் பார்த்தார். "ஏத்திட்டுப் போக வண்டி கொண்டாந்திருக்கல்ல?"

செல்மர் சிரித்தார். எல்ராய் சிரிக்கவில்லை. ஆனால் எல்ராய் தன் கல்யாணத்தன்றே சிரிக்காத ஆள். வட டகோட்டாவில் அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

செல்மர் காரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வீட்டு வாசலில் அவர் மனைவி ஆர்டிஸ் மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ரத்தம் விரல் நுனிவரை போவதில்லை. வழியில் எங்கேயோ நின்று ஊர்க்கதை பேசுகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகஸ்டிலும் அவள் நகங்கள் நீலம்.

"எஞ்சினும் இல்ல, கியரும் இல்ல. அப்ப என்னத்தத்தான் வாங்கினே?"

"ஸ்டீரிங் இருக்குடி."

"பரவால்லயே. உக்காந்து திருப்பிட்டே இரு, சாப்பாட்டுக்குக் கூப்பிடறேன்."

அந்தப் பக்கத்துக் குளிரில் நாய்கள் குரைக்கத் தொடங்கி, வேண்டாம் என்று பாதியில் விட்டுவிடும். வண்டிகளை ராத்திரி கரண்டில் சொருகி வைக்காவிட்டால் காலையில் எஞ்சின் கல்லாகிக் கிடக்கும். அதனால் நவம்பர் வந்துவிட்டால் அந்த ஊர் ஆண்களின் கை, தொங்கும் வயரைக் கண்டால் சொருகிவிடும், தலையைக் கேட்காது. செல்மரின் கையும் அன்று அந்தியில் ஷெட்டுக்குள் தன் லாரியின் வயரைச் சொருகியது. பக்கத்தில் நின்ற பழைய காரின் மூக்கில் இன்னொரு வயர் தொங்கியது. அதையும் சொருகியது.

காலையில் ஷெட்டின் உள்சுவரெல்லாம் உறைபனி பூத்திருக்க, பழைய காரின் கண்ணாடிகளில் மட்டும் உள்ளிருந்து ஈரம் வழிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் சூடான தூசியும் பழைய தோலுமாக ஒரு வாடை முகத்தில் அடித்தது. ஓட்டும் இருக்கையைத் தொட்டார். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பு. வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது காலியான எஞ்சின் பள்ளத்தைத் தாண்டி, தகட்டிலிருந்த ஓட்டை வழியே இருக்கைப் பக்கம் நுழைந்தது. அதற்கப்பால் அது எங்கே போகிறதென்று தெரியவில்லை.

பிளக்கைப் பிடுங்கத்தான் போனார். அதற்குள் காப்பியோடு வந்த ஆர்டிஸ் ஜன்னல் வழியே கையை உள்ளே விட்டாள். எடுக்கவில்லை.

"செல்மர், இங்க வா. என் விரலப் பாரு."

நகங்கள் இளஞ்சிவப்பாக இருந்தன. அவள் குழந்தை மாதிரி சிரித்தாள். செல்மர் பிளக்கைப் பிடுங்கவில்லை.

அன்றிலிருந்து ஆர்டிஸ் பின்னல் ஊசிகளோடு ஸ்டீரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். மதியச் சாப்பாடும் அங்கேயே. தூங்க மட்டும் வீட்டுக்கு வந்தாள். அப்போது அவள் கை, உறைபெட்டியில் மறந்துபோன கரண்டி போலிருந்தது. பிறகு தூங்கவும் வரவில்லை. ஷெட்டில் எப்போதும் ஒரு சத்தம்: ஓடி நின்ற வண்டியின் இரும்பு ஆறும்போது டிக், டிக்கென்று கேட்குமே, அது. ஆனால் எதுவும் ஆறவில்லை. ஒருநாள் செல்மர் பானெட்டைத் திறந்தார். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து சூடான காற்று எழுந்தது. அதில் கம்பளியும், ஆர்டிஸ் முழங்காலில் தேய்க்கும் கற்பூரத் தைலமும் மணத்தன. பயம் வரும் என்று நின்று பார்த்தார். வரவில்லை. கால் மரத்துப்போனவனுக்குக் காலணிக்குள் கிடக்கும் கல் தெரியாதில்லையா, அப்படி. பானெட்டை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பனிப்புயல் வந்த அன்று நாலரைக்கே வெளிச்சம் போய்விட்டது. காற்று ஷெட்டின் தகரத்தைப் பிடித்து உலுக்கியது.

"வீட்டுக்கு வந்துடு ஆர்டிஸ். கரண்ட் போயிடும்."

"போனாப் போகட்டும். இப்பத்தான் உள்ள வரைக்கும் சூடாயிருக்கேன்."

ஜன்னல் திறந்திருந்தது. பேசும்போது செல்மரின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை.

வண்டியின் பின்னால் ஏதோ அசைந்தது. சுற்றிப் போனார். எதனோடும் சேராமல் துருப்பிடித்துத் தொங்கிய சைலன்சர் குழாயின் வாயில், ஒரு சின்ன வெள்ளை மூச்சு. இடைவெளி. இன்னொன்று.

"செல்மர்?" என்றாள் முன்னாலிருந்து.

குழாயில் இரண்டு சின்ன மூச்சு.

ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

ஊசிகள் தயங்கின. அவள் நகத்தில் நீலம் ஏறியது. விரலில். மணிக்கட்டில். கண்கள் மூடவில்லை, அவரையே பார்த்தன.

திரும்பச் சொருகினார்.

மூச்சு. இடைவெளி. மூச்சு.

விளக்கு மங்கியது. திரும்ப எரிந்தது. பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார், பிடித்தால் கரண்ட் தங்கும் என்பது போல.

விளக்கு மங்கியது.

"போகாதே" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

விளக்கு போனது.

இருட்டு. காற்று. ஊசிச் சத்தம் இல்லை.

பிறகு, தாழ்வாக, சீராக, ஒரு மோட்டார் ஓடத் தொடங்கியது. பானெட்டுக்குள் அல்ல.

முன்விளக்குகள் மஞ்சளாகக் கண் திறந்தன. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் ஆர்டிஸ் தெரிந்தாள். இரண்டு கையும் ஸ்டீரிங்கில். கன்னங்கள் நல்ல சிவப்பு. வாய் பாதி திறந்திருந்தது, உதடு அசையவில்லை. மூன்று ஸ்வெட்டரும் நெஞ்சின் மேல் சன்னமாக அதிர்ந்துகொண்டிருந்தன.

அவள் கால் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தியது.

அவள் மார்புக்குள் சத்தம் ஏறியது.