கற்பூரம் காட்ட அனுமதி

வலது தோளுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவது போலிருந்தது வெள்ளைத்தாய்க்கு. கூட்டம் தொடங்கி இரண்டு மணி நேரம். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது விற்பனைக்காரன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் தொடங்கி இருபது வருஷம் மிளகாய் வத்தல் மூட்டை சுமந்த தோள் அது. மூட்டையை விட்டுக் கிடங்கு மேற்பார்வைக்கு வந்து பத்து வருஷமாகிறது. சுமந்தபோது வாய் திறக்காத தோள், உட்கார்ந்த பிறகு பழிவாங்குகிறது. வருகிற ஐப்பசியில் மதுரை எலும்பு ஆஸ்பத்திரியில் கீறிச் சரிசெய்யத் தேதி வாங்கியிருந்தாள். அதற்கு நாலு நாள் லீவு வேண்டும். அதைக் கேட்கத்தான் கூட்டம் முடியட்டும் என்று பொறுத்திருந்தாள்.

விருதுநகர் புறவழிச்சாலையில் இருந்தது தெய்வநாயகம் குளிர்க்கிடங்கு. ஆறு அறைகள், கூரைவரை வத்தல் மூட்டை. அறைகளின் குளிர், கதவுகள், எந்த மூட்டை எந்த வியாபாரியுடையது என்கிற விவரம் எல்லாம் முகிலில் இருந்தன. முகில் என்றால் வானத்தில் மிதப்பதல்ல. எவனோ ஒருவனின் கட்டடத்தில், எவனோ ஒருவனின் கணினியில் கிடப்பது. அப்படிச் சொன்னால் முதலாளிகளுக்குத் தூக்கம் போய்விடும் என்பதால் முகில் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன மாதம் பக்கத்து எண்ணெய் ஆலையின் முகிலைத் திருடர்கள் பூட்டிவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் இந்தக் கூட்டம். கடவுச்சொல் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. எந்தச் சொல்லையும் எந்திரம் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுகிறது. முகத்தையும் விரல்ரேகையையும் வார்த்துக் கொடுக்கவே கடைகள் இருக்கின்றன. திருட முடியாததென்று மிச்சமிருந்தது பழக்கம் ஒன்றுதான். ஓர் ஆள் எப்படி நடக்கிறான், எந்தக் கையை முதலில் நீட்டுகிறான், எங்கே தயங்குகிறான் என்று காவலி என்கிற காவல் மென்பொருள் படித்து வைத்துக்கொள்ளும். பழகியவன் உள்ளே, மற்றவன் வெளியே. வங்கி முதல் வீட்டுக் கதவு வரை இதுதான். கால் சுளுக்கியவன் சொந்த வாசலில் நின்று பெண்டாட்டியைக் கூவி அழைக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள்.

மூன்று காவலிகள் வந்திருந்தன. முதலாவது ‘எல்லைக்கல்’. பத்து நிமிஷம் முகிலைச் சோதித்து மூன்று ஆபத்துகள் காட்டியது. பழக்கம் மாறினால் இரண்டு பேர் சேர்ந்து அதற்கு மறுபடி கற்றுக்கொடுக்கலாம். இரண்டாவதின் விற்பனைக்காரன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதை முதலாளி ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். அதோடு அவன் கதை முடிந்தது. மூன்றாவது ‘இமையான்’. அதே பத்து நிமிஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள். சுவர் முழுக்கச் சிவப்பு.

“பாத்தீங்களா மாமா!” என்றான் ராஜபூபதி. முதலாளியின் மருமகன், தகவல் காப்பு அதிகாரி என்று கதவில் பலகை மாட்டியிருந்தான். காப்பைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம் சிவப்பு என்றால் ஆபத்து என்பது. “நானூறுக்கு மேல! இத்தன நாளு இத வச்சுக்கிட்டா குடும்பம் நடத்திருக்கோம்?”

வெள்ளைத்தாய் சுவரைப் படித்தாள். “அதுல முந்நூறு நம்ம ஃபேன் ஓடி ஓடி நிக்கிறதுங்க, மொதலாளி. கால் மணிக்கொருக்கா நிக்கும், ஓடும். அதப் போயி திருடன்னு காட்டுது.”

“ஒனக்கு மூட்டையத் தெரியும், வெள்ளத்தாயி. இது வேற,” என்றார் தெய்வநாயகம்.

விற்பனைக்காரன் நிரஞ்சன் இஸ்திரி கலையாத சிரிப்போடு எழுந்தான். “சார், எல்லைக்கல்லுக்கு மறுபடி கத்துக்கொடுக்கலாம்னு சொன்னாங்க. நீங்க கத்துக்கொடுக்கலாம்னா திருடனும் கத்துக்கொடுக்கலாம்தானே? இமையான் நாலு நாள் பாக்கும். பாத்தது பாத்ததுதான். அப்புறம் மூணு வருஷத்துக்கு யார் சொன்னாலும் கேக்காது. பிடுங்கி எறிய நெனச்சா, முகில்ல இருக்கற மொத்தத்தையும் அழிச்சிட்டுத்தான் போகும். திருடன் கைக்கு ஒரு எழுத்து கெடைக்காது.”

“நமக்கும் கெடைக்காதே?” என்றாள் வெள்ளைத்தாய்.

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. முதலாளியின் கண்கள் கலங்கியிருந்தன. வாழ்நாள் முழுக்க எவன் சொல்லும் கேளாத ஒருவனை வேலைக்கு வைக்க ஆசைப்பட்டவர் அவர். வந்தவனெல்லாம் கடைசியில் மனுஷனாகவே இருந்து தொலைத்தான்.

“ஆயுத பூசையன்னைக்கு ஆரம்பிச்சிருவோம். நல்ல நேரம் பாத்துச் சொல்றேன்,” என்றார்.

நிரஞ்சனின் சிரிப்பு லேசாகக் கலைந்தது. “வேலை நடக்கற நாளா இருந்தா...”

“ஆயுதத்தை ஆயுத பூசைக்குத் தொடங்காம ஆடி அமாவாசைக்கா தொடங்குவாங்க?”

நிரஞ்சன் ஒப்பந்தத் தாளைப் பார்த்தான். முதலாளியின் பேனா அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. “எந்த நாலு நாளும் சரிதான் சார்,” என்றான்.

வெள்ளைத்தாய்க்குப் பொறுக்கவில்லை. “மொதலாளி, பூசையில வச்ச குத்தூசியக்கூட நம்ம ஆளுக தொட மாட்டாங்க. வியாழன்லருந்து ஞாயிறு வரைக்கும் கெடங்கு பூட்டிக் கெடக்கும். அது என்னத்தப் படிக்கும்?”

“அமைதியப் படிக்கட்டும்,” என்றான் ராஜபூபதி. தான் சொன்னது அவனுக்கே பிடித்துப்போய், கைபேசியில் குறித்துக்கொண்டான்.

“குளிரப் பாத்துக்க ஆள் வேணும்லா? நாலு நாளும் நீ வந்துரு,” என்றார் முதலாளி. “அதுக்குப் பதிலா அடுத்த வாரம் நாலு நாள் லீவு எடுத்துக்க. தோளக் காட்டிட்டு வா. நான் சொன்னாச் சொன்னதுதான்.”

கேட்க வந்தது கேட்காமலே கிடைத்தது. சரி என்று வந்துவிட்டாள்.

ஆயுத பூசையன்று ஆளுயரத் திரைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். நல்ல நேரம் பிறந்ததும் இமையான் கண் திறந்தது. தெய்வநாயகம் அதற்குக் கற்பூரம் காட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் போனார்கள்.

வெள்ளைத்தாய் மட்டும் இருந்தாள். நாலு நாளும் ஆறு அறைகளையும் திறந்து, வத்தலில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்து மூடினாள். கதவுக்கும் குளிருக்குமான பொத்தான்கள் திரையின் மேல் வரிசையில் இருந்தன. தோளுக்கு மேல் அவள் கை எழாது. பாதிவரை தூக்கி, நின்று, ஒரு மூச்சு விட்டு, இடது கையால் முழங்கையை உந்தி மேலே ஏற்றுவாள். இமையான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பதினோரு லாரிகள், நாற்பது சுமைக்காரர்கள். கதவு திறக்கவில்லை. “வழக்கமில்லாத கூட்டம். தாக்குதல் தடுக்கப்பட்டது,” என்றது இமையான். ராஜபூபதி கை வைத்தான். “அந்நியர்.” தெய்வநாயகம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

“வணக்கம்,” என்றது இமையான். “உங்களுக்குக் கற்பூரம் காட்ட அனுமதி உண்டு.”

சுமைக்காரர்களின் மேஸ்திரி சூசை மூட்டைமறைவில் போய்ச் சிரித்துவிட்டு வந்தான். “காட்டுங்க மொதலாளி. நல்லாப் பழகி வச்சிருக்கு.”

வெள்ளைத்தாய் வந்து கையைப் பாதி தூக்கி, நின்று, மூச்சு விட்டு, உந்தினாள். கதவு திறந்தது.

அன்று அவள் தொண்ணூறு தடவை திறந்தாள். மற்றவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வேலை பார்த்தார்கள். ஒவ்வொருவரையும் இமையான் சிவப்பில் எழுதிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அவள் திறந்ததை அது மூடவில்லை. அதற்குத் தெரிந்த உலகத்தில் வேலை செய்த ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலையில் கையை அசைக்க முடியவில்லை. சூசை இரண்டு வலி மாத்திரை கொடுத்தான். “போடுக்கா. நேத்து நீ தூக்குனது எங்க நாப்பது பேரு தூக்குனதுக்குச் சமம்.”

மாத்திரை வேலை செய்தது. பல வருஷத்துக்குப் பிறகு கை நிற்காமல், உந்தாமல், தானாக எழுந்தது. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

“அந்நியர்,” என்றது இமையான்.

மூன்று முறை முயன்றாள். வலிப்பது போல நடித்தும் பார்த்தாள். அது நடிப்பைக் கண்டுகொண்டது. வெளியே பதினாலு லாரிகள் வெயிலில் நின்றன. அறைக்குள் குளிரைக் கூட்டக்கூட யாராலும் முடியவில்லை. தெய்வநாயகம் ஸ்டூல் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குனிந்து, அக்கறையாகக் கேட்டார்:

“வலி வந்துருச்சாம்மா?”

மூன்று மணி நேரம் கழித்து வந்தது. கை பாதியில் நின்றது. உந்தினாள். கதவு திறந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். ராஜபூபதி தட்டியது எல்லாரையும்விடப் பலமாகக் கேட்டது. சாயங்காலமே சுவரில் அறிவிப்பு ஒட்டினான்: பணி நேரத்தில் வலி மாத்திரை, தைலம், ஒத்தடம் கூடாது, பாதுகாப்புக் காரணங்களுக்காக.

புதன்கிழமை நிரஞ்சனை வரவழைத்தார்கள். அவன் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துப் பெருமையாகவே சொன்னான். “காவலி சரியா வேலை செய்யுது சார். இவ்வளவு பாதுகாப்பான முகில் இந்த ஜில்லாவுலயே கெடையாது.”

“நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரித் தேதி,” என்றாள் வெள்ளைத்தாய். “போயிட்டு வந்து தொறக்கேன்.”

“கை சரியாயிட்டா அது உங்க கை இல்லையேம்மா. இமையானுக்கு நீங்க வேற ஆள்.”

தெய்வநாயகம் தொண்டையைச் செருமினார். “மூணு வருஷந்தான வெள்ளத்தாயி. பல்லக் கடிச்சுக்க. ஒன் தோளு இப்ப கம்பேனிச் சொத்து.”

“சுமக்கும்போது என் தோளா இருந்துச்சு. வலிக்கும்போது கம்பேனிதா?”

“எடக்குப் பேசாத. லீவு எங்க போயிரப்போகுது? சொன்னாச் சொன்னதுதான்.”

எழுந்து போயிருப்பாள். போக வேண்டும் என்றுதான் வாசல்வரை வந்தாள். அங்கே சூசையும் ஆட்களும் நின்றிருந்தார்கள். விஷயம் அவர்களுக்கு எட்டியிருந்தது. முதலாளியைப் பார்த்துச் சிரித்தவன் இப்போது தரையைப் பார்த்துப் பேசினான்.

“நாங்க சொல்லக்கூடாதுக்கா. ஒனக்குக் கை சரியாச்சுன்னா எங்க நாப்பது பேரு கையும் சும்மா இருக்கும்.”

அவள் திட்டினாள். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். பிறகு திரும்பி வந்து கையைப் பாதி தூக்கினாள்.

வருஷம் முழுக்கச் சுவர் சிவப்பாகவே இருந்தது. ஒரு திருடனும் வரவில்லை. சங்கக் கூட்டங்களில் தெய்வநாயகம் அதைப் பெருமையாகச் சொல்ல, இன்னும் நாலு கிடங்குக்காரர்கள் இமையானை வாங்கினார்கள். அவர்களும் நல்ல நாள் பார்த்தே தொடங்கினார்கள்.

மறுபடி ஆயுத பூசை வந்தது. ஆட்கள் போனார்கள், லாரிகள் நின்றன. அந்த வருஷத்தில் முதல் முறையாகச் சுவர் முழுக்கப் பச்சையானது. “எல்லாம் இயல்பு,” என்றது இமையான். தெய்வநாயகம் மெய்சிலிர்த்துத் தனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே வேலையைச் செய்தார். கற்பூரம் அணைந்ததும் வெள்ளைத்தாயின் பக்கம் திரும்பினார்.

“குளிரப் பாத்துக்க நாலு நாளும் வந்துரும்மா. பதிலுக்கு லீவு எடுத்துக்கலாம்.”

அவள் சந்தனக் கிண்ணத்தில் இடது கை விரலை முக்கி, திரையின் கீழ் ஓரத்தில், வலிக்காமல் எட்டும் இடத்தில், எழுதினாள்:

வெள்ளைத்தாய்க்குக் கம்பேனி தர வேண்டியது, எட்டு நாள் லீவு.