வடக்குப் பக்கத்து வெயில்

சுஜீவா சித்தி சிரித்து, கமலினி பார்த்து வெகுநாளாகிவிட்டது.

சித்தி யாழ்ப்பாணத்தில் பொறியியல் படித்தவர். வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பொருத்தும் வேலையும் செய்தவர். சிட்னிக்கு வந்தபின் வென்ட்வேர்த்வில் கடையொன்றில் கொத்துரொட்டி பொதி செய்துகொண்டே, கண்ட கண்ட கம்பனிக்கெல்லாம் விண்ணப்பம் போட்டார். கடைசியில், வெயிலிலேயே இயங்கும் கட்டடங்களை வடிவமைக்கும் கம்பனி ஒன்று அவரைத் தற்காலிகமாக எடுத்தது. நாளை திங்கட்கிழமை அவர் தன் முதல் வடிவத்தைக் காட்டவேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மறுபடியும் கொத்துரொட்டிதான்.

சாப்பாட்டு மேசையில் அந்தக் கட்டடம் அட்டை மாதிரியாக நின்றது. ஒரு பாலர் பள்ளி. சித்தி அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எது வடக்கு என்று கமலினி கேட்டாள். சித்தி ஜன்னலே இல்லாத சுவரைக் காட்டினார். பெரிய ஜன்னல்களும் தகடு பதித்த கூரையும் தெற்கே பார்த்தன.

கமலினிக்கு அது பிழையாகப் பட்டது. அவள் இங்கேயே பிறந்தவள். குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்தின் தெற்குச் சுவரோரம் யாரும் சாப்பிட உட்காரமாட்டார்கள். இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால் அங்கே வெயில் எட்டியும் பார்க்காது.

குசினியில் அம்மா சமைத்துக்கொண்டிருந்தார், கூடத்தில் அப்பாவின் நண்பர்கள். எல்லார் முன்னாலும் சொன்னால் சித்தியின் முகம் என்னவாகும்? அவள் சித்தியின் கையை மெல்லப் பிடித்தாள்.

"சித்தி, இதை வெளியில வெயிலுக்குள்ள வைச்சுப் பாப்பமே?"

பின்முற்றத்தில் திசை பார்த்து வைத்தார்கள். ஜன்னலில்லாத சுவரில் வெயில் பளீரென்று அடித்தது. ஜன்னல்கள் முழுக்க நிழலில் கிடந்தன. தகடுகள் மேல் வெயில் பட்டும் படாமலும் சாய்ந்தது.

சித்தி குனிந்து நிழலில் கிடந்த ஜன்னல்களைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கெல்லோ கீறிப்போட்டன்" என்றார். அங்கே வருடத்தின் பெரும்பகுதி நண்பகல் வெயில் தெற்கிலிருந்துதான் வரும். பழகிய கை பழகியபடியே வரைந்துவிட்டது.

பிறகு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கமலினிக்கு அழுகை வந்தது. சித்தியின் ஒரே சந்தோஷத்தைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்தாள்.

கதவு திறந்தது. சித்தியின் கண் சிவந்திருந்தது. கையில் கத்தரிக்கோலும் பசையும் இருந்தன.

"இதைத் திருத்த ஓராள் காணாது. வா."

அப்படியே திருப்பி வைத்தால் போதாதா என்று கமலினி கேட்டாள். திருப்பினால் பள்ளியின் வாசல், பக்கத்து வீட்டுக்காரரின் குசினிக்குள் போய்விடும் என்றார் சித்தி. இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. கூரையைப் பிரித்து வடக்கே சாய்த்து, ஜன்னல்களையும் வடக்கே வெட்டி, இருட்டும்வரை ஒட்டினார்கள்.

மறுநாள் மாலை சித்தி வந்ததும், என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். கூரையில் இரண்டு தரம் ஒட்டிய அடையாளம் ஏன் என்று மேலாளர் கேட்டாராம். முதலில் பிழையாகச் செய்ததையும், அதைத் தன் பெறாமகள் கமலினி கண்டுபிடித்ததையும் சித்தி சொல்லிவிட்டாராம்.

"ஏன் சொன்னனீ?" அம்மா பதறினார். "உன்ர வேலையெல்லோ?"

"சின்னப் பிள்ளையள் இருக்கப்போற கட்டடம், அக்கா. பிழையை மறைச்சுப் பழகினால் ஒருநாள் அதுகள்தான் குளிரில இருக்கும்."

கமலினி ஓடிப்போய்ச் சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வேலை என்னவாயிற்று என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

சித்தி குனிந்து அவள் காதுக்குள் சொன்னார்.

"கிடைச்சிட்டுது."