போர்வைக்குள் ஒரு சக்கரம்

"காருக்கு ஷேவிங்கா சார்?"

மழைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். சாலையோரம் குந்தியிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். காரின் முன்பக்க இடது சக்கரம் முழுக்க வெள்ளை நுரை. அவன் கையில் நுரை, டையில் நுரை, காலையில்தான் பாலிஷ் போட்ட ஷூவில் நுரை... எல்லாவற்றுக்கும் மேலே மழை.

"இது பஞ்சர் சீலண்ட்," என்றான் கம்பீரமாக. நுரையோடு கம்பீரமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். "தானாவே ஓட்டையை அடைச்சிரும். இந்த எலெக்ட்ரிக் காருக்கு ஸ்டெப்னியே கிடையாது. எதிர்காலத்தோட டெக்னாலஜி!"

"ஓ... எதிர்காலத்துல ரோட்டுல கல்லு கிடக்காதா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான்... திறந்தபடியே இருந்தான்.

நீல நிற வேலைச் சட்டை. காதோரம் ஒரு கீற்று கிரீஸ். இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அந்தத் துளிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... சிரிக்கிற கண்களா, அளவெடுக்கிற கண்களா? இரண்டும்தான் போலிருக்கிறது. அவனை ஒரே பார்வையில் அளந்து முடித்துவிட்டு டயருக்குப் போய்விட்டன!

அவனுக்கு வாய் அடைத்துப்போவது சாதாரண விஷயமில்லை. பேசுவதுதான் அவன் உத்தியோகம். மின்சாரக் கார் ஷோரூமில் புது வண்டி வந்து இறங்கினால் மேடையேறி அதன் அருமை பெருமைகளை முழங்குவான். ஒரே கூட்டத்தில் 'எதிர்காலம்' என்று இருபத்திரண்டு தடவை சொன்னதை வேலையற்ற யாரோ எண்ணிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'எதிர்காலம்'. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

அவள் டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். "இங்க கிழிஞ்சிருக்கு பாருங்க. தரையில படுற பக்கம் சின்ன ஓட்டைன்னா நுரை பிடிக்கும். பக்கவாட்டுல நிக்காது. என் வேன்ல ஏறுங்க. டயர்க் கடை நம்மளுதுதான், பக்கத்துலதான் இருக்கு."

காரின் அடியில் குறியிட்ட இடத்தைத் தேடி, ரப்பர் கட்டை கொடுத்து ஜாக்கை ஏற்றினாள். "இடம் மாறிச்சுன்னா பாட்டரி மேல ஏறிடும். அப்புறம் எதிர்காலம் இருண்டுடும்." தன் பட்டப்பெயர் இவளுக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிட்டான். தெரியாது. தற்செயல்தான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோது முதல் முறையாக அந்தச் சொல் அவனுக்கு அழகாகக் கேட்டது...

ஐந்து நிமிடத்தில் சக்கரம் கழன்றது. வேனில் அவள் பக்கத்தில், நுரை வழியும் டயரை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கேட்டதற்குத் தன் மேடைப் பேச்சு வேலையைச் சொன்னபடி போனான்.

கடையில் அவள் அப்பா சக்கரத்துக்கு எடை சமன் பார்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். எதையும் கிராம் கணக்கில்தான் பார்ப்பார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"பேச்சுப்பா. மேடையில பேசுறாராம்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அதான்... இருபது கிராம் கூடத் தெரியுது."

புது டயர் மாட்டும்வரை அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் சிவப்பு வண்ணத்தில் வரையப்பட்டிருந்தது. ஒரு ஸ்பேனர் குறைந்தால் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். "என் வேலைதான்," என்றாள் அவள். "எனக்கு எதுவும் தொலையக் கூடாது."

மூன்றாம் நாள் அவன் மறுபடியும் வந்து நின்றான்.

"ஒரு ஸ்டெப்னி வேணும்... நண்பர் ஒருத்தருக்கு."

"நண்பர் காரும் உங்க கார் மாதிரியே இருக்குமோ? அதே கலர்ல, அதே நம்பர்ல?"

"அது வந்து..."

"சரி சரி, நண்பரை உள்ள கொண்டாங்க."

பிறகு அவள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தாள். அவன் அதுவரை தேர்ந்தெடுப்பது என்றால் நிறம் பார்ப்பது என்று நினைத்திருந்தவன். "அஞ்சு ஓட்டை இருந்தா எல்லாம் ஒண்ணுதானேம்பாங்க," என்றபடி ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியை அளந்தாள். நடு ஓட்டையின் விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுற்றி வந்தாள். டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "இது தாங்குற எடை. உங்க கார் பாட்டரியோட ரெண்டு டன்னைத் தாண்டும். இது பாவம், சின்னக் காரோட பிள்ளை. நசுங்கிடும்."

ஒன்றல்ல, இரண்டல்ல... ஆறு சக்கரங்களை நிராகரித்தாள். ஆறு பேரை இப்படி வேண்டாமென்று தள்ளிவிட்டு ஏழாவதாக இவள் என்னைப் பார்த்தால்... என்று ஓடியது அவன் புத்தி.

ஏழாவது ஒல்லியான சக்கரம். பின்பக்கம் மாட்டிச் சுழற்றினாள். சுற்றியது. முன்பக்கம் மாட்டினாள். டக்! இடித்தது.

"முன்னால பிரேக் பெருசு சார். அதோட இரும்புப் பிடி இதுல இடிக்குது. அதனால முன் டயர் போச்சுன்னா, பின்னால இருக்கிற நல்ல சக்கரத்தைக் கழட்டி முன்னால போடணும். இதைப் பின்னால போடணும்."

"ஒரு டயருக்கு ரெண்டு வேலையா?"

"ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் நகர்ந்து இடம் கொடுக்கிறதுதானே சார்."

அவள் அந்த இடைவெளியில் சுண்டுவிரலை விட்டுக் காட்டினாள். அவன் பக்கத்தில் குனிந்து பார்த்தான். மோட்டார், மென்பொருள் என்று எத்தனை மேடையில் முழங்கியிருப்பான்! நாள் தவறாமல் ஓட்டுகிற தன் காருக்குள் விரலகலத்தில் இப்படி ஓர் உலகம் இருப்பது இன்றுதான் தெரிகிறது. அந்த விரலகலத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம், போகலாம். அது இந்தப் பெண்ணின் சுண்டுவிரலுக்குத் தெரிந்திருக்கிறது! கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவனைப் போல அவன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விரலை எடுத்துக்கலாமா சார்?"

"ஆங்... எடுத்துக்கங்க."

கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஸ்டெப்னி வாங்குகிறவர் அங்கேயே தன் கையால் அதைத் தூக்கி, மாட்டி, கழற்றி, திரும்ப டிக்கியில் வைத்துக் கட்ட வேண்டும். "நடு ரோட்டுல நான் இருக்க மாட்டேன்ல?" என்றாள். இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவன் சொல்லவில்லை. பயிற்சியின் முதல் நாள் சக்கரத்தைக் காலில் போட்டுக்கொண்டான். இரண்டாம் நாள் நட்டுகளை வரிசையாக முறுக்கி வசவு வாங்கினான். "நட்சத்திரம் வரையிற மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு சார்! எத்தனை தடவை சொல்றது?" மூன்றாம் நாள் ஒரு பிழையும் இல்லை. ஒரு பிழையாவது விட்டிருக்கலாமே என்று வருந்தினான். நான்காம் நாள் வருவதற்குக் காரணம் வேண்டாமா?

டிக்கித் தரை தட்டையாக இருந்தது. சக்கரம் வைக்கப் பள்ளம் இல்லை. படுக்கப் போட்டு, இரண்டு பக்க வளையங்களிலும் பட்டையை இழுத்துக் கட்ட அவள் சொல்லிக்கொடுத்தாள். ஜாக், ரப்பர் கட்டை, ஸ்பேனர் எல்லாம் அதன் பக்கத்தில். "கட்டாம விட்டீங்கன்னா, பிரேக் போட்டதும் இது பறந்து வந்து உங்க பக்கத்து சீட்டுல உக்காந்துக்கும்."

அந்த சீட்டுக்கு நான் வேற ஆளை நினைச்சு வெச்சிருக்கேன்... சொல் தொண்டை வரை வந்தது. இருபத்திரண்டு எதிர்காலம் சொன்ன வாய், "ம்" என்றது.

வீட்டுக்குப் போனதும் சக்கரத்தின் மேல் பூப்போட்ட போர்வையை விரித்தான். ஏனென்றால் ஷோரூம் சுவரில் ஆளுயர எழுத்தில் ஒரு வாசகம் இருந்தது: 'ஸ்டெப்னி இல்லை... கவலை இல்லை!' எழுதியவன் அவனேதான். அதை ஒரு காவியத்துக்குச் சமமாகக் கருதிவந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு. இவன் சக்கரத்தைப் பூப்போர்வையில் மறைத்தான்.

மறுநாள் காலை ஷோரூமில் முக்கிய விருந்தாளி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளுக்காகப் பன்னிரண்டு கார் வாங்க வந்திருந்தார் ஒரு மேட்ரன் அம்மா. மேனேஜர் கைகட்டி நின்றார். இவன் அந்தப் பொன்வாசகத்தின் அடியில் நின்று முழங்கிக்கொண்டிருந்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. நீலச் சட்டை. கையில் நட்டுக் கழற்றும் ஸ்பேனர்.

"சார், உங்க ஸ்டெப்னியோட ஸ்பேனர்... கடையிலயே மறந்துட்டு..."

மேனேஜரின் புருவம் நெற்றியைத் தாண்டியது. "ஸ்டெப்னியா? யாருக்கு? யாருப்பா இவங்க?"

அவன் அவளைப் பார்த்தான். தலைக்கு மேலே தன் வாசகத்தைப் பார்த்தான். "தெரியல சார்... விலாசம் மாறி வந்திருப்பாங்க போல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பான். அந்தக் கண்கள் அவனை இன்னொரு முறை அளந்தன... ஆறு சக்கரங்களைத் தள்ளி வைத்த அதே பார்வை. ஸ்பேனரைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தாள்.

"ஆமா சார். மாறித்தான் வந்துட்டேன்."

கதவு மூடியது. அவன் ஸ்பேனரை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். அது குளிர்ந்து கனத்தது.

கூட்டம் முடிந்து, மேட்ரன் அம்மாவுக்கு ஓட்டிக்காட்டக் கிளம்பினார்கள். ஷோரூம் வண்டி சார்ஜில் இருந்ததால் அவன் காரிலேயே. மழை பிடித்துக்கொண்டது. நகரத்தைத் தாண்டிய வளைவில், தண்ணீருக்குள் ஒளிந்திருந்த குழியில் முன்சக்கரம் இறங்கியது. புஸ்ஸ்... முன் வலது டயர். பக்கவாட்டில் நான்கு விரல் கிழிசல்.

"நுரை அடிப்பா, நுரை!" என்றார் மேனேஜர்.

"நிக்காது சார்."

இழுவை வண்டிக்குப் போன் போட்டார். மூன்று மணி நேரமாம். மேட்ரன் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எங்க நர்ஸ் இந்த இடத்துல நின்னா, அங்க ஊசிக்குக் காத்திருக்கிற நோயாளி என்ன தம்பி பண்ணுவார்? எதிர்காலத்துக்குக் காத்திருப்பாரா?"

அவன் இறங்கினான். டிக்கியைத் திறந்தான். பூப்போர்வையை உருவி மழையில் எறிந்தான்.

குறியிட்ட இடத்தில் ரப்பர் கட்டை. ஜாக். நல்ல பின்சக்கரம் கழன்றது, அந்த இடத்தில் ஒல்லிச் சக்கரம். மறுபடி ஜாக், நல்லது முன்னால். நட்சத்திரம் வரைவது போல் ஒன்று விட்டு ஒன்று... கோட்டு சேறானது, டை எங்கோ போனது. ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு குரல் காதில் திட்டியது. திட்டத் திட்டக் கண் கலங்கியது. மழையாகவும் இருக்கலாம்.

"காலையில வந்த பொண்ணு கொடுத்த ஸ்பேனர்தானே அது?" என்றார் மேட்ரன் அம்மா. "தெரியாதுன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேம்மா. ஸ்டெப்னி வேண்டாம்னு நான் எழுதினதும் பொய். இதை எனக்குப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது அவங்கதான்."

மேனேஜர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மேட்ரன் அம்மா கதவைச் சாத்தினார். "அப்ப அவங்ககிட்டயே விடுங்க வண்டியை. என் பன்னிரண்டு காருக்கும் பன்னிரண்டு ஸ்டெப்னி வேணும்."

கடை வாசலில் கார் நின்றது. அவள் நேரே முறுக்கம் பார்க்கும் கருவியோடு வந்து குனிந்து, நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். டிக்... டிக்... டிக்... எல்லாம் சரியாக இருந்தன.

"எதுவும் லூஸ் இல்ல," என்றாள் முகம் பார்க்காமல். "ஓட்டிட்டு வந்தவரைத் தவிர."

அவனுக்கு மேடை இல்லை, மைக் இல்லை, ஒரு வாசகமும் இல்லை.

"யாருன்னு கேட்டாங்க... தெரியலைன்னுட்டேன். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாததை எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினேன். தெரிஞ்ச ஒண்ணே ஒண்ணைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு நுரையோட உக்காந்திருந்தப்பவே."

அவள் நிமிரவில்லை. உள்ளே இயந்திரம் சுழன்று நின்றது. "பாப்பா," என்று குரல் கொடுத்தார் அப்பா, "இப்ப இருபது கிராம் குறைஞ்சிருக்கு. சரியா நிக்கும்."

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை. இமையில் மறுபடி ஒரு துளி. இந்தத் தடவை விழுந்தது.

"ஸ்பேனரைக் கொடுங்க."

கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை நீங்க இங்க மறந்துட்டுப் போகல."

"அப்புறம்?"

"என் கடையில எதுவும் தொலையாது சார்... நான்தான் உங்க டிக்கியிலேருந்து எடுத்து வெச்சேன்." குரல் மழையை விட மெல்லியதாக வந்தது. "நாலாவது நாள் பார்க்கிறதுக்கு... எனக்கும் ஒரு காரணம் வேணும்ல?"

  கார்க் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மேட்ரன் அம்மாவும் மேனேஜரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அந்த கிரீஸ் விரல்களை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.