கேட்ட பெயருக்கெல்லாம் 'இருக்கிறார்'

பெரிய வெள்ளி மதியம். ஆம்பூர் தோல் கம்பெனியில் ஈ காக்காய் இல்லை. பாதிப் பேர் ஜும்மாவுக்கு, பாதிப் பேர் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். மூன்று மணி நேரப் பிரசங்கத்தை யார் கேட்பது என்று மனைவி பிரிஸ்கில்லாவையும் மகளையும் அனுப்பிவிட்டு, மெயில் சர்வரைக் காப்பாற்ற எபனேசர் மட்டும் வந்திருந்தான். முதலாளியில் தொடங்கிப் போதகர் வரை எல்லோரும் அவனுக்கு மடையர்கள். இளக்காரம் தோன்றாத ஒரே ஆள் ஏழு வயது மகள் ஃபீபிதான்.

காலையிலிருந்து ஏதோ ஒரு ஸ்பேம் கும்பல் சர்வரிடம் பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் இங்கே இருக்கிறாரா, அவர் இருக்கிறாரா என்று. இருப்பவர்களின் முகவரியைப் பொறுக்கிக் குப்பை மெயில் அனுப்பும் கேடுகெட்ட பிழைப்பு. எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறார்' என்றே சொல்லும்படி எபனேசர் சர்வரை மாற்றினான். எது நிஜம் என்று தெரியாமல் முட்டிக்கொண்டு சாகட்டும்.

ஜான். இருக்கிறார். ராபர்ட். இருக்கிறார். வேதாசலம். இருக்கிறார்.

எபனேசரின் சிரிப்பு நின்றது. வேதாசலம் போன வருஷம் கம்பெனிக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்த இரண்டு கூலியாட்களில் ஒருவன். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்கு ஏது மெயில்? அப்படி ஆட்களே இங்கே வேலை செய்யவில்லை என்று கம்பெனி சாதித்தது. கம்ப்யூட்டர் வருகைப் பட்டியலில் அவர்கள் பெயரை அழித்தவன் எபனேசர்தான். இரண்டு பெயர்; இரண்டு நிமிஷ வேலை.

அடுத்த கேள்வி வந்தது. கோதண்டராமன். இரண்டாவது பெயர்.

இருக்கிறார்.

தாழ்வாரத்தில் ஏதோ சொட்டியது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த வாடை கதவிடுக்கில் நுழைந்து, ஏசிக் குளிரோடு சேர்ந்து, அவன் நாக்கில் வந்து படிந்தது. ஈரக்கால்கள் நிதானமாக நடந்து வந்தன. கதவருகே நின்றன.

யாரது என்று கேட்கப் பார்த்தான். பயந்துவிட்டான்.

திரையில் அடுத்த பெயர். ஃபீபி.

இருக்கிறார்.

கேபிளைப் பிடுங்கி எறிந்தான். போன் அடித்தது. சர்ச் ஆபீசிலிருந்து பிரிஸ்கில்லா.

"ஃபீபி அங்க வந்தாளா? என் பக்கத்துலதாங்க உக்காந்துனு இருந்தா. ஜெபம் முடிஞ்சி கண்ணத் தொறக்கறேன், காணோம்."

போனைக் காதில் வைத்தபடியே கதவுப் பக்கம் திரும்பினான். கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு ஆள் நிழல்கள். நடுவில், அவர்கள் இடுப்பளவு உயரத்தில், இன்னொன்று. இரண்டு பக்கமும் அதன் கைகளைப் பிடித்திருந்தார்கள். சின்ன நெற்றி ஒன்று கண்ணாடியில் அழுந்தியது. அந்த இடத்திலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் கோடாக வழிந்தது.