வெட்டாமல் விட்ட காய்

"ஐயையோ... மிதிச்சுப் போடாதீங்க!"

மழைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும் சின்னராஜ் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்தினான்.

ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த பஸ் சூரமங்கலம் ரயிலடிக்கு எதிரே அப்பொழுதுதான் நின்றிருந்தது. ஐப்பசி மழை. பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவான சின்னராஜ், காற்றில் மேல்நோக்கி விரிந்துவிட்ட குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டே தகரக் கொட்டகைக்குள் ஓடிவந்தவன், பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த ஒரு பெண்ணின் மீது மோதிவிட்டான். அவள் கையிலிருந்த துணி மூட்டை அவிழ்ந்தது. அதிலிருந்து துள்ளி விழுந்த இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் சிமெண்டுத் தரையில் கணகணவென்று உருண்டு, அவனுடைய செருப்பின் முனையருகே வந்து நின்றன.

சின்னராஜ் குனிந்து அவற்றைக் கையில் எடுத்தான்.

"எடுத்துப்போட்டீங்களா? என்ன விழுந்துச்சுங்க?"

மோதியதற்காகத் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தவனுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது... இமை மயிர்களில் மழைத்துளிகள் கோத்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் இரண்டு கண்கள், பதிலுக்காக அகல விரிந்து, சற்றே கோபமாகவும் சற்றே ஆசையாகவும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. விழுந்தது மூன்று. ஒன்றுக்கும் உதவாத மூன்று. அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"தாயமுங்க!" என்றான்.

"நெசமாலுமா?"

"நெசமாலுமுங்க. சுத்தமான தாயம்."

"குடையையே நேராப் புடிக்கத் தெரியலை. கட்டையை மட்டும் நேராப் பாத்திருப்பீங்களாக்கும்!" என்றாள் அவள். ஆனால், உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிந்தது. சின்னராஜுக்கு அது போதுமாக இருந்தது.

அவளை அழைத்துப்போக வந்திருந்த சௌந்திரம் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். ரயில்வே கார்டு கந்தவேலின் மனைவி, சின்னராஜுக்குத் தெரிந்தவள்தான். "என்ற நாத்தனாருங்க, வசந்தாமணி. பொண்ணுங்க பள்ளிக்கூடத்துக்கு டீச்சரா வந்திருக்கறா. இனிமே எங்க ஊட்டுலதான் இருப்பா. தாயம்னா சோறு தண்ணி வேண்டாமுங்க இவளுக்கு."

"அப்படின்னா சனிக்கிழமை சாயங்காலம் நூல் கிடங்குக்குக் கூட்டிட்டு வாங்க. தாயம் விழுந்த நேரத்துல ஊருக்குள்ள கால் வெச்சிருக்கறாங்க."

"வரலாம் வரலாம்... கட்டையைக் குடுங்க முதல்ல" என்று வசந்தாமணி கையை நீட்டினாள்.

அந்த நூல் கிடங்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நலம். கூட்ஸ் வண்டிகள் தாமதமாக வரும் நாட்களில், பார்சல் பெட்டியின் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டுச் சின்னராஜும் அவனுடைய நண்பர்களும் பொழுது போக்குவதுண்டு. அந்தப் பொழுதுபோக்கே நாளடைவில் 'சனிக்கிழமைக் கட்டச் சங்கம்' ஆயிற்று. நூல் வியாபாரி குழந்தைவேல், தம்முடைய கிடங்கைச் சனிக்கிழமை மாலைகளில் திறந்துவிட்டதோடு சங்கத்தின் தலைவரும் ஆனார். ஒரு பாயில் தாயம், இன்னொன்றில் ஆடுபுலி, சன்னலோரத்தில் சதுரங்கம் என்று கூட்டம் பெருகியது. நெசவாளர்கள், கடைக்காரர்கள், ரயில்வே சிப்பந்திகள் எல்லோரும் வந்தார்கள். அண்மையில் சௌந்திரத்தின் முயற்சியால் பெண்களுக்கென்று ஒரு மூலையில் ஒரு பாய் விரிக்கப்பட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வசந்தாமணி வந்தாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பெண்கள் பாயில் அவளுக்கு எதிராக உட்கார்ந்தவர்கள் எல்லாரும் தோற்றார்கள். அந்த மூலையிலிருந்து எழுந்த சிரிப்பைக் கேட்டு, அடுத்த வாரம் இன்னும் பல பெண்கள் வந்தார்கள். சிரிப்பும் பெரிதாயிற்று; இடமும் போதவில்லை.

"ஏனுங்கய்யா, புதுசா வர்ற ஆளுங்களுக்கு உக்கார எடமில்லை. இந்தப் பொம்பளைங்க கெக்கலிப்புல சதுரங்கம் ஆடவும் முடியலீங்க. அந்தப் பாயை எடுத்துப்போடலாமுங்க" என்று சிலர் தலைவரிடம் முறையிட்டார்கள்.

குழந்தைவேல் மீசையைத் தடவிக்கொண்டார். "இங்க ஆட வர்றவங்களுக்குத்தான் எடம். பொழுது போக்க வர்றவங்களுக்கு இல்லை. பொம்பளைங்க பாயிலிருந்து யாராச்சும் நம்ம சின்னராஜை ஒரே ஒரு தடவை கெலிச்சுட்டாங்கன்னா, அந்தப் பாய் என்னைக்கும் அங்கயே கிடக்கும். இல்லாட்டி சுருட்டிர வேண்டியதுதான். என்ன அம்முணி, சரிதானே?"

அவர் பார்த்தது வசந்தாமணியை. சின்னராஜ் அந்தச் சங்கத்தில் தோற்று யாரும் பார்த்ததில்லை.

"சரியுங்க" என்றாள் அவள், சற்றும் யோசிக்காமல்.

சின்னராஜுக்குத்தான் அது சரியாகப் படவில்லை. பாய் போனால் அவளும் வரமாட்டாள். வாரம் முழுவதும் பார்சல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே அவன் எதிர்நோக்கியிருந்த சனிக்கிழமைகள் வெறும் சனிக்கிழமைகளாகிவிடும்.

போட்டி நாளன்று அவளுடைய காய்கள் சிவப்பு வளையல் துண்டுகள், அவனுடையவை புளியங்கொட்டைகள். கட்டைகள் அவள் கொண்டுவந்த அந்தப் பித்தளைக் கட்டைகளேதான். தாயம் ஆடும் வீடுகளில் ஒரு கட்டாயம் உண்டு. எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாதவர்கள் வெளிக்கட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உள்கட்டத்துக்குள் நுழையவும் முடியாது, காயை நடுக்கட்டம் சேர்த்துப் பழமாக்கவும் முடியாது. வசந்தாமணி தொடக்கத்திலேயே ஒரு புளியங்கொட்டையை வெட்டி, வழியைத் திறந்துகொண்டாள். சின்னராஜ் இன்னும் வெட்டவில்லை.

ஆட்டம் பாதியில் இருக்கும்போது வானம் கொட்டத் தொடங்கிற்று. கிடங்கின் கூரை ஒழுகியது. "நூலு நனையுது, தூக்குங்கடா!" என்று குழந்தைவேல் அலற, கூட்டம் முழுவதும் நூல் சிப்பங்களை நகர்த்த ஓடியது. பாயருகில் மிஞ்சியவர்கள் இருவர்தாம்.

சின்னராஜ் கட்டையை உருட்டினான். மூன்று! அவனுடைய காய்க்கு மூன்றாவது கட்டத்தில், பாதுகாப்பான மலைக் கட்டத்தை விட்டு வெளியே, ஒரு சிவப்பு வளையல் துண்டு தன்னந்தனியாக நின்றது. வெட்டினால் உள்ளே போகும் வழி திறக்கும். வெற்றியும் அநேகமாக அவனுக்கே.

அவள் தலை குனிந்திருந்தாள். ஈரக் காற்றில் ஒரு கற்றை முடி அவள் கன்னத்தில் அசைந்தது... சின்னராஜ் வேறொரு காயை எடுத்து மூன்று கட்டம் நகர்த்தினான்.

அவ்வளவுதான். அவனுடைய காய்கள் வெளியே சுற்றிக்கொண்டே இருந்தன. சிவப்புத் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பழமேறின. கூட்டம் திரும்பி வந்தபோது அவளுடைய கடைசிக் காயும் ஏறிவிட்டது.

"கெலிச்சுட்டா! வசந்தா கெலிச்சுட்டா!" என்று சௌந்திரம் கூவினாள். பெண்கள் குலவையிட்டார்கள். குழந்தைவேல் சிரித்துக்கொண்டே, "பாய் உங்களுக்குத்தான் சாமிங்களா" என்றார்.

சின்னராஜ் மிகுந்த பெருமிதத்தோடு அவளைப் பார்த்தான். தான் கொடுத்த பரிசு என்னவென்று அவளுக்கு மட்டும் தெரியும் அல்லவா?

அவளும் அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் நன்றி இல்லை. அனல் இருந்தது.

"இந்த ஆட்டம் செல்லாதுங்க" என்றாள் வசந்தாமணி.

குலவை பாதியில் நின்றது. "ஏய், உனக்கென்ன கிறுக்கா?" என்று சௌந்திரம் அவள் இடுப்பைக் கிள்ளினாள்.

"ஏன் அம்முணி, கெலிச்சவங்களே செல்லாதுங்கறது எந்த ஊரு ஞாயம்?" என்று கேட்டார் குழந்தைவேல்.

"எங்க ஊரு ஞாயமுங்க. என்ற காய் வெட்டுல நின்னுச்சு. இவருக்கு மூணு விழுந்துச்சு. வெட்டலை."

எல்லோரும் சின்னராஜைப் பார்த்தார்கள். "நான்... கவனிக்கலீங்க..."

"கவனிச்சீங்க. குனிஞ்சிருந்தாலும் பாத்துட்டுத்தான் இருந்தேன். காயைப் பாத்தீங்க, அப்புறம் என்ற மூஞ்சியப் பாத்தீங்க, அப்புறம் விட்டீங்க." அவள் குரல் தாழ்ந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. "அமாவாசைக்கு எங்க ஊருல தறி ஓடாதுங்க. அன்னைக்குப் பூராவும் தெருவே தாயம் ஆடும். என்னைப் பெத்த அப்பனே என்ற காயை வெட்டுவாரு. வெட்டாம விடறது யாரைத் தெரியுங்களா? ஆட்டம் தெரியாத சின்னக் குழந்தைங்களை. அழுவுமேன்னு, ஒப்புக்குச் சப்பாணியாச் சேத்துக்குவாங்களே... அதுங்களை. நீங்க என்னை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிப்போட்டீங்க. எங்க பாயையும் சேத்து."

அவள் கட்டைகளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆடறனுங்க. தோத்தா, நானே பாயைச் சுருட்டித் தாரேன்."

மழையில் அவள் நடந்துபோவதைச் சின்னராஜ் பார்த்துக்கொண்டே நின்றான். குடை கையிலிருந்தது. ஓடிப்போய்க் கொடுக்கக் கால் எழவில்லை.

அந்த வாரம் அவன் மேட்டூருக்குப் போக வேண்டிய பார்சலுக்கு ஈரோடு முத்திரை குத்தினான். தன் அன்பை அவளிடம் காட்டியதாகவல்லவா அவன் நினைத்திருந்தான்! அவள் சொன்னபிறகு யோசித்துப் பார்த்தால், அவன் காட்டியது இரக்கம். அவள் ஆட்டத்தில் அவனுக்கு நம்பிக்கை இல்லை, அதுதான் உண்மை. தன் தயவில்லாமல் அவள் தோற்றுவிடுவாள் என்று தானே முடிவு கட்டிவிட்டான். எவ்வளவு பெரிய அகந்தை... இந்த முறை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டி, அவள் தோற்று, பாயும் போய், அவளும் போய்விட்டால்...? போகட்டும். அவளைச் சிறு குழந்தையாக்கி அருகில் வைத்துக்கொள்வதைவிட அது மேல்.

மறு சனிக்கிழமை, செய்தி கேட்டுப் பள்ளிபாளையத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். கிடங்கின் வாசல் வரையில் தலைகள்.

வசந்தாமணி அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கட்டைகள் மட்டும் பேசிக்கொண்டன. இந்த முறையும் அவளே முதலில் வெட்டியிருந்தாள்; அவளுடைய காய் ஒன்று வெளிக்கட்டத்தை முழுக்கச் சுற்றிவந்து, உள்ளே நுழையும் தறுவாயில் நின்றது. சின்னராஜ் உருட்டினான். ஐந்து! அவள் காய் நின்றதும் சரியாக ஐந்தாவது கட்டத்தில்.

கூட்டம் மூச்சை அடக்கிற்று. அவன் விரல்கள் நடுங்கின. புளியங்கொட்டையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப்போய்... சிவப்பு வளையல் துண்டை வெட்டி வெளியே வைத்தான்.

"அடப்பாவி!" என்றாள் சௌந்திரம், உரக்கவே.

வசந்தாமணி நிமிர்ந்தாள். ஒரு வாரமாக அவன் காண ஏங்கிய கண்கள். அவற்றில் இப்பொழுது அனல் இல்லை. மழை ஓய்ந்தபின் சேர்வராயன் மலைப்பக்கம் வெளுக்குமே, அதைப்போல ஒரு வெளிச்சம்.

"இப்பத்தானுங்க ஆட்டம்" என்றாள்.

அதன்பிறகு அவள் ஆடியதை ஆட்டம் என்று சொல்வது குறைவு. சின்னராஜ் தனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் காட்டினான். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் அவனுக்கு ஒரு காய் பாக்கி, அவளுக்கு இரண்டு. அவற்றில் ஒன்று மலைக் கட்டத்தில் அசையாமல் கிடந்தது.

"அந்தக் காயை ஓட்டு கண்ணு, ஏன் அங்கயே குந்த வெச்சிருக்கற?" என்று சௌந்திரம் தவித்தாள்.

"இருங்க அண்ணி. ஒருத்தர் வரோணும்."

சின்னராஜின் கடைசிக் காய் வேறு வழியின்றி அந்த மலையைத் தாண்டி, இரண்டு கட்டம் தள்ளி நின்றது. வசந்தாமணி கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்தாள், உருட்டினாள்.

இரண்டு.

அவள் விரல் நடுங்கவில்லை. புளியங்கொட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள், தாம்பூலம் வைப்பதுபோல.

வெட்டுண்ட காய் மறுபடி இறங்கத் தாயம் விழ வேண்டும். சின்னராஜ் உருட்டினான், நான்கு. மறுபடி உருட்டினான், மூன்று. எத்தனை உருட்டியும் தாயம் விழவில்லை. எதிரே அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "விழலீங்களா? சும்மா விழுந்துச்சுன்னு சொல்லிப் பாக்கறது... அதெல்லாம் உங்களுக்குப் பழக்கந்தானுங்களே."

சின்னராஜுக்குக் காதுமடல் வரை சிவந்துவிட்டது. அவன் சமாளித்துக்கொள்வதற்குள் அவளுடைய இரண்டு காய்களும் பழமாகிவிட்டன.

இந்த முறை குலவைச் சத்தம் ரயிலடி வரை கேட்டிருக்கும். குழந்தைவேல் எழுந்து, தம் கையாலேயே இன்னொரு புதுப் பாயைக் கொண்டுவந்து பெண்கள் மூலையில் விரித்தார். "ஒண்ணு போதாது போலிருக்குதே!" என்றார். சதுரங்கக்காரர்கள் மறுபேச்சின்றிச் சன்னலோரத்திலிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வாசற்படியில் தூறலைப் பார்த்தபடி வசந்தாமணி நின்றிருந்தாள். சௌந்திரம் உள்ளே எல்லோரிடமும் வெற்றிக்கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அது இப்போதைக்கு முடியாது. சின்னராஜ் மெல்ல அருகில் வந்தான்.

"வெட்டறப்போ என்ற கை நடுங்குச்சுங்க."

"பாத்தேன். எனக்கு நடுங்கலை."

"அதையும் பாத்தனுங்க." அவன் குடையின் கைப்பிடியைத் திருகினான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. அன்னைக்கு ரயிலடியில... விழுந்தது தாயமில்லீங்க."

"மூணு."

"அப்பவே தெரியுங்களா?"

"கட்டை உருண்டு நிக்கறப்பவே பாத்துட்டனுங்க. நீங்க என்ன சொல்லறீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

தூறல் கூரை விளிம்பில் முத்து முத்தாகத் தொங்கிற்று. சின்னராஜ் கையை நீட்டி ஒரு துளியை ஏந்தினான். பிறகு, "பொய்யின்னு தெரிஞ்சும்... எதுக்குங்க சனிக்கிழமை வந்தீங்க?" என்று கேட்டான்.

அவள் படியைப் பார்த்தாள். சீறும் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ... கால் பெருவிரல் ஈரப்படியில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்கச் சின்னராஜுக்குத் துணிவு வந்தது.

"உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அன்னைக்கு அந்த மழையிலிருந்தே. உங்க அண்ணன்கிட்ட வந்து பேசலாமுங்களா?"

வசந்தாமணி இடுப்பிலிருந்து பித்தளைக் கட்டைகளை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவளுடைய சூடு அவற்றில் இன்னும் இருந்தது. "உருட்டுங்க. நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவன் படியில் உருட்டினான்.

"என்ன விழுந்துச்சு?"

சின்னராஜ் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பழைய பொய் அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான்.

"நாலுங்க. ஒண்ணுத்துக்கும் ஆகாத நாலு. ஆனாலும் வாரனுங்க."

விரல்கள் மெல்ல விலகின. இடையிலிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது, சிரித்தது.

"நாளைக்கே வாங்க" என்றாள் வசந்தாமணி. "அண்ணன் ஊட்டுலதான் இருக்கும். வர்றப்போ குடையை நேராப் புடிச்சுட்டு வாங்க."

அவன் குடையை விரித்தான். காற்று உடனே அதை மேல்நோக்கி மடக்கிற்று. இருவரும் நனைந்துகொண்டே சிரித்தார்கள்.