நாற்பதாயிரம் அதிர்வுக்கு மேலே

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே மணிவண்ணனுக்கு எரிச்சலாக இருந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவனைப் பேய் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள், அந்தக் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் பிரவீனா.

நல்ல பகலிலும் வீட்டுக்குள் இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாடை. கட்டிலில் அவள் அம்மா செல்லியம்மாள், சுவர் மூலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"நாலு நாளா தூங்கல சார். பத்து வருஷமா சுத்தமா காது கேக்காது. இப்போ யாரோ கூப்புடறாங்க, போணும்னு சொல்லிக்கினே இருக்குது. நாயும் உள்ள வரமாட்டேங்குது," என்றாள் பிரவீனா.

"நாய்க்கு நொடிக்கு நாற்பத்தஞ்சாயிரம் அதிர்வு வரைக்கும் கேக்கும்மா. நமக்கு இருபதாயிரத்தோட சரி. எலி கத்தியிருக்கும். அதுக்கு ஒரு பேயைக் கட்டி விட்டுட்டீங்க."

"அப்போ அம்மாவுக்கு எப்படி சார் கேக்குது?"

"கேக்கல. காது போனா மூளை தானா சத்தம் உண்டாக்கிக்கும். புத்தகத்துல இருக்கு. படிக்கணும்."

வௌவால் ஆராய்ச்சிக்கு வைத்திருந்த கருவியைப் பையிலிருந்து எடுத்தான். காதுக்கு எட்டாத கீச்சொலியை மனிதனுக்குக் கேட்கும் அளவுக்கு இறக்கித் தருவது அது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையை நோக்கி நீட்டினான். மெல்லத் திருகினான். முப்பதாயிரம். எலி இல்லை. நாற்பதாயிரத்தைத் தாண்டினான்.

சிரிப்பு.

ஒரு பெண் சிரித்தாள். பயமுறுத்துகிற சிரிப்பு இல்லை. தப்பான விடை சொன்ன மாணவனைப் பார்த்து அவன் சிரிப்பானே, அதே இளக்காரம்.

கருவியை வேறு பக்கம் திருப்பினான். சத்தம் குறைய வேண்டும்.

குறையவில்லை.

கூடியது.

"என்ன சார்?" பிரவீனா கிசுகிசுத்தாள்.

செல்லியம்மாளின் பார்வை மூலையை விட்டு மெல்ல நகர்ந்தது. கட்டில் கால். நிலைப்படி. அவன் தோள்.

தோளுக்குப் பின்னால் நின்றது.

"அவளுக்கு உன்ன புடிச்சுப் போச்சு போலருக்குதுபா," என்றாள். படுத்தாள். உடனே தூங்கிப்போனாள்.

மறுநாள் மத்தியானம் கல்லூரி ஆய்வகத்தில் அவன் தனியாக இருந்தபோது பிரவீனாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா எழுந்து நல்லா சாப்பிட்டுச்சு சார். நாயும் உள்ள வந்து படுத்துக்கினு இருக்குது. என்ன சார் பண்ணீங்க?"

"எலிதாம்மா," என்றான்.

போனை வைத்தான். மின்விசிறி ஓடவில்லை. மேசை அசையவில்லை. கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீரில் மட்டும் சின்னச் சின்ன வட்டங்கள் எழுந்து, விளிம்பில் வந்து வந்து மோதின.

அவன் காதில் எதுவும் விழவில்லை.